'அடி' என்றால் எலும்பு முறிவு அல்ல: வீரர்களின் காயச் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலம் மணி நாலு. இங்கிலாந்தின் நிஜ வீரர்களை வைத்து நாமே அணி போட்டு ஆடும் ஃபான்டசி பிரீமியர் லீகில் அணியைப் பூட்ட இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. கேப்டனாகப் போட்டவரின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். தொட்டால், ஆட 75% வாய்ப்பு என்கிறது. முந்தின நாள் பிரஸ் மீட்டில் மேனேஜரிடம் கேட்டதற்கு, "பார்க்கலாம், இன்னும் ஒரு பயிற்சி பாக்கி இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "ஜிடிபிஆர் வந்ததிலிருந்து கிளப் வாயே திறக்கக் கூடாது, அதான் சட்டம்" என்பது ஒன்று. "அதெல்லாம் சாக்கு. கோடிக் கோடியா சம்பளம் வாங்குறவனுக்கு என்ன ரகசியம்?" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். சில வருஷமாகக் கால்பந்துச் செய்திகளைத் தமிழில் எழுதிப் போடும் பழக்கத்தில், கீழே சொல்லும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் வாயைக் கட்டிவிட்டது என்று நினைப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறைக்குத்தான் ஜிடிபிஆர் என்று பெயர். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகும், ஏறக்குறைய அதே விதிகளைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. இதன் 9-ஆவது பிரிவு உடல்நலத் தகவலை மதம், அரசியல் கருத்து, பாலியல் நாட்டம் போன்றவற்றோடு சேர்த்துப் பூட்டி வைக்கிறது. பூட்டைத் திறக்கக் கூடாது என்பது பொது விதி. திறக்கச் சில சாவிகள் உண்டு. அந்தப் பட்டியலில் முதலில் வருவது, சம்பந்தப்பட்டவர் வெளிப்படையாகத் தரும் ஒப்புதல். மீறினால் அபராதம் 2 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4% வரை போகலாம். இரண்டில் எது அதிகமோ அதுதான் உச்சவரம்பு. பிரிட்டனில் அது 1.75 கோடி பவுண்டு அல்லது அதே 4%.

சரி, அப்படியானால் எல்லாக் கிளப்பும் மௌனமாக இருக்க வேண்டுமே? ரியல் மாட்ரிட்டைப் பாருங்கள். ஸ்பெயினிலும் இதே சட்டம்தான். வீரருக்குக் காயம் என்றால் கிளப்பின் தளத்தில் 'மருத்துவ அறிக்கை' என்று சில வரி வந்துவிடும். இன்று எங்கள் மருத்துவப் பிரிவு செய்த சோதனையில் இன்னாருக்கு இன்ன தசையில் காயம் கண்டறியப்பட்டது என்று இருக்கும். வழக்கமாக முடிவில் 'முன்னேற்றத்தைப் பொறுத்தது' என்று ஒரு வரி. எத்தனை வாரம் என்று எழுத மாட்டார்கள். இங்கிலாந்தில் பல நேரம் இது தலைகீழாக நடக்கும். மேனேஜர் "இரண்டு மூன்று வாரம்" என்பார், எந்தத் தசை என்று கேட்டால் மழுப்புவார். விதி ஏறக்குறைய ஒன்று, பழக்கம் இரண்டு. மழுப்பலுக்குப் பெரும்பாலும் காரணம் அடுத்த வாரம் வரும் எதிரணி. சட்டத்தின் மேல் பழி போடுவது சுலபம் என்பதால் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

'கால்ல அடி, இதுல என்ன ரகசியம்?'

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இதில்தான் வருகிறது. ஸ்வீடனில் ஒரு தேவாலயத்தில் சமயப் பாடம் எடுத்துவந்த பெண்மணி, 1998 கடைசியில் வீட்டுக் கணினியிலேயே ஒரு இணையப் பக்கம் உருவாக்கினார். திருச்சபைப் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று செய்தது. கூட வேலை பார்த்தவர்களைப் பற்றி விளையாட்டாகச் சில வரி எழுதினார். அதில் ஒரு வரி, இன்னார் காலில் அடிபட்டு அரை நாள் வேலைதான் பார்க்கிறார் என்றது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் வழக்காகி, கீழ் நீதிமன்றம் அபராதம் போட்டு, மேல்முறையீட்டின் நடுவே கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2003 நவம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது: காலில் அடிபட்டது, அதனால் அரை நேர வேலை என்பதும் உடல்நலம் பற்றிய தனிநபர் தரவுதான். லிண்ட்க்விஸ்ட் வழக்கு என்பார்கள். ஜிடிபிஆர் வருவதற்கு முன்பிருந்த சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு இது.

ஒரு தேவாலய ஊழியரின் கால் அடிக்கே இந்த மதிப்பு என்றால், காலை வைத்தே சம்பாதிக்கும் ஒருவரின் காலுக்கு எவ்வளவு? நேரடியாகச் சொல்லாமல் சுற்றி வளைத்துத் தெரியவைத்தாலும் அது சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவல்தான் என்று 2022 ஆகஸ்டில் லிதுவேனியா வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 'நோய் பெயரை எழுதவில்லையே' என்ற சமாதானமும் நிற்காது.

ஆனால் இதையும் இழுத்து நீட்டக் கூடாது. ஐம்பதாயிரம் பேர் பார்க்க 37-ஆவது நிமிஷத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வெளியேறினால், 'தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்' என்று எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மைதானத்தில் கண் பார்த்தது செய்தி. மறுநாள் ஸ்கேன் பார்த்தது மருத்துவம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது

கிளப்புகள் சறுக்கும் இடம் இது. சேரும்போது நீட்டும் ஒப்பந்தத்தில், 'என் மருத்துவத் தகவலைக் கிளப் தேவைப்படும்போது வெளியிடலாம்' என்று ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்ற எண்ணம். ஜிடிபிஆரின் பார்வை வேறு. ஒப்புதல் சுதந்திரமாகத் தரப்பட வேண்டும், எதற்கு என்று குறிப்பாக இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற முடிய வேண்டும். சம்பளம் கொடுப்பவர் நீட்டும் தாளில் போட்ட கையெழுத்து எவ்வளவு சுதந்திரமானது? பதினெட்டு வயசுப் பையன், முதல் ஒப்பந்தம், எதிரில் கிளப் இயக்குநர். 'இந்தப் பத்தி வேண்டாம்' என்று சொல்லிவிடுவானா?

அப்புறம், ஒரு கிளப்புக்குள் யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்பது தனிக் கேள்வி. டாக்டருக்கு ஸ்கேன் முழுதும் தெரிய வேண்டும். பிசியோவுக்கு எந்த அசைவு கூடாது என்று தெரிய வேண்டும். மேனேஜருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட முடியுமா, முடியாதென்றால் சுமாராக எத்தனை வாரம் என்று தெரிந்தால் பெரும்பாலும் போதும். வேலைக்குத் தகுதியா என்று மருத்துவர் மதிப்பிடுவதற்குச் சட்டத்திலேயே தனி வழி உண்டு, ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த வழி பத்திரிகையாளர் அறை வரை நீளாது. நெதர்லாந்தில் சாதாரண அலுவலகத்திலேயே, விடுப்பு எடுத்தவரிடம் என்ன நோய், எதனால் வந்தது என்று முதலாளி கேட்கக் கூடாது என்கிறது அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம்.

நடப்பது வேறு. செவ்வாய்க்கிழமை காலை எம்ஆர்ஐ. பத்து நிமிஷத்தில் படம் போனில் பிடிக்கப்பட்டு, 'டாக்டர் + கோச்' என்று பெயர் வைத்த ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. அந்தக் குழுவில் யார் யார்? போன வருஷம் வேலையை விட்ட உதவிப் பயிற்சியாளரும் இருக்கிறார், யாரும் நீக்கவில்லை. இது நான் கற்பனையாகச் சொல்லும் காட்சி. ஆனால் அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. தகவல் கசிந்து அதனால் வீரருக்குப் பாதிப்பு வரலாம் என்றால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும்.

கால்பந்துக்கு வெளியே நடந்ததையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் எச் அண்ட் எம் ஆடை நிறுவனத்தின் சேவை மையத்தில், விடுப்பு முடிந்து திரும்பியவர்களை மேலாளர்கள் உட்காரவைத்துப் பேசுவார்கள். நோய்விடுப்பு என்றால் என்ன அறிகுறி, டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் பதிவானது. கிட்டத்தட்ட ஐம்பது மேலாளர்கள்வரை அதைப் படிக்க முடிந்தது. 2019 அக்டோபரில் ஒரு தொழில்நுட்பப் பிழையால் சில மணி நேரம் நிறுவனம் முழுக்கத் திறந்து கிடந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட அபராதம் 3.53 கோடி யூரோ. 'அக்கறையாகத்தானே விசாரித்தோம்' என்பது அங்கே எடுபடவில்லை.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது

2020 மே மாதம். கொரோனாவுக்குப் பிறகு பிரீமியர் லீக் திரும்பத் தயாராகிறது. முதல் சுற்றில் 748 பேருக்குப் பரிசோதனை. மூன்று கிளப்புகளில் ஆறு பேருக்குத் தொற்று என்று லீக் அறிவித்தது, பெயரோ கிளப்போ சொல்லவில்லை. சட்டப்படி சுத்தமான அறிவிப்பு. எவ்வளவு நேரம் தாங்கியது? பர்ன்லி தன் உதவி மேலாளர் இயன் வோனின் பெயரைச் சொன்னது. வாட்ஃபோர்டு ஒரு வீரர், இரண்டு ஊழியர் என்றது. அந்த வீரர் நான்தான் என்று ஏட்ரியன் மரியாப்பா தானே பத்திரிகையிடம் சொன்னார். அடுத்த சுற்றில் போர்ன்மவுத் 'ஒரு வீரர்' என்றது. சில நாளில் கோல்கீப்பர் ஆரன் ராம்ஸ்டேல் தானே முன்வந்து சொன்னார்.

அணியில் இருப்பதே இருபத்தைந்து முப்பது பேர். பயிற்சிப் படம் தினமும் வருகிறது. படத்தில் யார் இல்லை என்று எண்ணிப்பார்க்க ஆயிரம் ரசிகர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு சின்னக் கூட்டத்தில் பெயரை நீக்குவது பாதுகாப்பு ஆகாது, புதிர் போட்டி ஆகிவிடும். சந்தேகம் பாவம் இன்னும் நாலு பேர் மேல் விழும். முன்கூட்டியே வீரரிடம் பேசி, 'நீங்களே சொல்கிறீர்களா, நாங்கள் சொல்லட்டுமா, யாரும் சொல்ல வேண்டாமா' என்று கேட்டுவைப்பது நல்லது.

பின்தொடைத் தசையையும் இதயத்தையும் ஒரே தராசில் வைப்பது

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயத் துடிப்பு நின்று மைதானத்தில் சரிந்து விழுந்தபோது டென்மார்க் வீரர்கள் அவரைச் சுற்றி வட்டமாக, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி நின்றார்கள். எதிரணியான பின்லாந்தின் ரசிகர்கள் கொடுத்த கொடிகள் திரையாகப் பிடிக்கப்பட்டன. தரவுப் பாதுகாப்பு என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். அந்த நேரத்தில் அங்கே யாரும் 9-ஆவது பிரிவை நினைத்திருக்க மாட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் பார்சிலோனாவின் செர்கியோ அகுவேரோ நெஞ்சு அசௌகரியத்தோடு வெளியேறினார். மூன்று மாதம் ஆட மாட்டார் என்று கிளப் சொன்னது. இரண்டு வாரத்துக்குள் 'ஓய்வு பெறுகிறார்' என்று செய்தி. தொண்ணூறு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று அவரே மறுத்து எழுத வேண்டியதாயிற்று. டிசம்பர் 15 அன்று நிஜமாகவே ஓய்வை அறிவித்தார். 'பார்த்தீர்களா, செய்தி சரிதானே' என்று அப்போது நானும் ஒரு பதிவு போட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நடந்தது உண்மையா என்பது ஒரு கேள்வி, அதை முதலில் சொல்லும் உரிமை யாருடையது என்பது வேறு கேள்வி.

ஆனால் ஒன்று. மௌனத்துக்குப் பதிலாகப் பொய் சொல்வதும் தவறுதான். தசைக் கிழிவுக்கு 'லேசான காய்ச்சல்' என்று சொன்னால் அடுத்த தடவை நிஜக் காய்ச்சலையும் யாரும் நம்ப மாட்டார்கள். 'இந்த ஆட்டத்துக்கு இல்லை, மேற்கொண்டு சொல்வதற்கில்லை' என்பது கௌரவமான வாக்கியம்.

ரகசியம் என்றால் மச்சானுக்குச் சொல்லலாம் என்று நினைப்பது

தன் காயம் தன் சொத்து என்பதால் வீரர் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தோன்றும். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2014 ஆகஸ்டு முதல் வைத்திருக்கும் விதி அப்படி விடாது. வெளியே தெரியாத உள்தகவலைப் பந்தயம் கட்டுபவருக்குக் கொடுத்தால் தண்டனை. இங்கிலாந்து வீரர் கீரன் டிரிப்பியர் அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு மாறும் தகவல் இப்படிப் போனதற்காக 2020 டிசம்பரில் பத்து வாரத் தடையும் 70,000 பவுண்டு அபராதமும் வாங்கினார். அது இடமாற்றச் செய்தி. காயச் செய்திக்கும் இதே விதிதான்.

அமெரிக்கச் சட்டத்தை மான்செஸ்டருக்குக் கொண்டுவருவது இன்னொரு குழப்பம். அங்கே அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் அணிகள் வாராவாரம் காயப் பட்டியலைக் கட்டாயம் வெளியிட வேண்டும். பந்தயத்தில் யாருக்கும் உள்தகவல் அனுகூலம் கூடாது என்பது முக்கிய காரணம். அங்கே எல்லோரும் உச்சரிக்கும் ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டம் மருத்துவமனையையும் காப்பீட்டையும் கட்டுப்படுத்துவது, பத்திரிகையாளரை அல்ல. 2015-இல் என்எஃப்எல் வீரர் ஜேசன் பியர்-பால் பட்டாசு விபத்தில் விரல் இழந்தபோது அவருடைய மருத்துவமனைப் பதிவையே ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியின் செய்தியாளர் ஒருவர் ட்வீட் செய்தார். வேலை போனது மருத்துவமனை ஊழியர் இருவருக்கு. ஈஎஸ்பிஎன் மீது பியர்-பால் போட்ட வழக்கு 2017-இல் சமரசத்தில் முடிந்தது.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு

ஜிடிபிஆரில் பத்திரிகைக்கு இடம் உண்டு. 85-ஆவது பிரிவு தரவுப் பாதுகாப்பு உரிமையையும் கருத்து, தகவல் சுதந்திரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. வீரர் தானே இன்ஸ்டாகிராமில் கட்டுப் போட்ட காலைப் போட்டால், அந்தக் கட்டு வரை எழுதலாம். அதிலிருந்து 'சீசன் முழுக்க இல்லை' என்று தாவுவது நம் கைச்சரக்கு.

தமிழில் எழுதும்போது இந்தத் தாவல் மொழிபெயர்ப்பிலேயே நடந்துவிடுகிறது. ஆங்கிலச் செய்தியில் 'நாக்' என்று இருக்கும். அது அடி, அவ்வளவுதான். அதைப் 'பலத்த காயம்' என்று போட்டுவிடுகிறோம். 'டைட்னெஸ்' என்றால் பிடிப்பு. நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமா? அடி, பிடிப்பு, சுளுக்கு, கிழிவு, முறிவு என்று தரம் பிரித்தே வைத்திருக்கிறோம். நான் ஒருமுறை பின்தொடைப் பிடிப்பைத் 'தொடை முறிவு' என்று தலைப்பில் போட்டு, காலையில் எழுந்து பார்த்தால் முந்நூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். அந்த வீரர் அந்த வாரமே தொண்ணூறு நிமிஷமும் ஆடினார். இப்போது மூலச் செய்தியில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்து, ஐந்தில் எது என்று முடிவு பண்ணிய பிறகுதான் தலைப்பு எழுதுகிறேன். சந்தேகமாக இருந்தால் 'அடி' என்றே போட்டுவிடுவேன்.