விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடியை வீட்டிலேயே ஒட்டுவது எப்படி?

எங்கள் மன்னார்குடி வீட்டுக் கூடத்து ஜன்னலுக்கு மேலே பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று கலர் கண்ணாடிகள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் பச்சைக் கண்ணாடியின் மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விழுந்தது. சாதா வெள்ளைக் கண்ணாடி என்றால் அளவு கொடுத்து வெட்டி வாங்கி மாட்டியிருப்பேன். உங்களுடையதும் வெள்ளைக் கண்ணாடிதான் என்றால் இதைப் படித்து நேரத்தை வீணாக்காமல் மாற்றிவிடுங்கள். எனக்கு அந்த வழி இல்லை. கடைக்காரர் பச்சையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கலர் இப்ப வர்றதில்லண்ணே, ஒட்டி வச்சுக்கங்க" என்றார்.

ஒட்டினேன், தப்பாக. கார்த்திகை மழையில், பெட்டிக்கடையில் விற்கும் உடனே ஒட்டும் பசையை வாங்கித் தடவினேன். காலையில் பார்த்தால் விரிசலைச் சுற்றி விபூதி பூசியது போல வெள்ளை. அந்தப் பசையின் ஆவி காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்தால் அப்படித்தான் படியும். கண்ணாடியில் அதன் பிடிப்பும் ஈரத்தில் நாளாக ஆக விட்டுப்போகும். அடுத்த மழைக்குள் விரிசல் இரண்டு விரல் ஆகியிருந்தது.

எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது

ஜன்னல் கண்ணாடி, போட்டோ பிரேம், சும்மா நிற்கும் அலமாரிக் கதவு இவற்றை ஒட்டலாம். சாப்பிடும், குடிக்கும் பாத்திரம் எதையும் ஒட்ட வேண்டாம். பசை வயிற்றுக்குப் போகும். அரிக்கேன் விளக்குச் சிம்னி சூடேறுவது, டேபிள் டாப் எடை தாங்குவது, இரண்டும் குப்பைக்குத்தான். கேஸ் ஸ்டவ்வின் மேல் கண்ணாடி டஃபன்டு வகை, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்தியது. அதில் விரிசல் நிற்காது, உடைந்தால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். ஆகவே ஒற்றைக் கோடாக விரிசல் நிற்கிறது என்றாலே அது பெரும்பாலும் சாதா கண்ணாடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

பின்பக்கம் வண்ணம் தீட்டிய பழைய தஞ்சாவூர் கண்ணாடி ஓவியம் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். வண்ணம் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறது. நாம் விடும் பசை விரிசல் வழியே இறங்கி அதைக் கெடுத்துவிடும்.

நாள் பார்ப்பது

ஜோசியத்துக்குச் சொல்லவில்லை. விரிசலின் நுனியில் ஈரம் பட்டால் கண்ணாடிக்குள் இருக்கும் சிலிக்கன், ஆக்சிஜன் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து விரிசல் மெல்ல நீளும். யாரும் தொடாமலே கோடு வளர்வதற்கு இது ஒரு காரணம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பார்கள். நம் பக்கம் வயல் காய்ந்து கிடக்கும் அந்த இடைவெளி, அதிலும் பங்குனி சித்திரை, இந்த வேலைக்குத் தோது. அதுவரை விரிசலின் நுனியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துத் தேதி எழுதி, மேலே செலோ டேப் ஒட்டி வையுங்கள். கோடு புள்ளியைத் தாண்டினால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கழற்றுவது

கனமான கையுறை, காலில் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. முதலில் விரிசலின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள், திடீரென்று விட்டாலும் துண்டு கையில் விழாது. பிறகு கண்ணாடியைப் பிடித்து நிற்கும் மரப் பீடிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே பிளேடால் பெயிண்டைக் கீறிவிட்டு, தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஆணி இருக்கும் இடமாகப் பார்த்து நெம்புங்கள். கண்ணாடியின் மேல் ஊன்றி நெம்பாதீர்கள்.

கழற்றியதும் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். எங்கள் ஜன்னலில் புயல் பாதிதான் காரணம். ஒரு துருப்பிடித்த ஆணி கண்ணாடியின் ஓரத்தை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஊதும்போது அது இன்னும் அழுத்தும். அந்த ஆணியைப் பிடுங்காமல் எத்தனை தடவை ஒட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

சுத்தம் செய்வது

முக்கால்வாசி வேலை இங்கேதான். டேப்பை எடுத்துவிட்டு, செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் ஐபிஏ என்று சொல்லும் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு விரிசல் நெடுகத் துடையுங்கள். அடுப்பு பக்கத்தில் வேண்டாம், தீப்பிடிக்கும். சோப்புத் தண்ணீர் விரிசலுக்குள் ஏறிக்கொண்டு இறங்காது. பழைய பசை இருந்தால் பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்டுங்கள். அதன் பிறகு விரிசலை விரலால் தொடக் கூடாது, கை எண்ணெய் பட்ட இடத்தில் பசை ஏறாது. ஒரு ராத்திரி ஃபேனுக்குக் கீழே காய விடுங்கள்.

பசை விடுவது

முடி போன்ற விரிசலுக்குக் கார் கண்ணாடி ஒட்டும் ரெசின் வாங்குங்கள். தண்ணீர் போல ஓடும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் இறுகும். அதனால் வேலையை நிழலில் செய்ய வேண்டும். நான் ரேழியில் செய்தேன்.

கண்ணாடியைச் சமதளமாகப் படுக்க வைத்து, விரிசல் ஓரத்தில் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தேய்க்காதீர்கள், பொறுங்கள். சொட்டு தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதுவரை வெள்ளிக் கம்பி மாதிரி மின்னிய கோடு ஓரத்திலிருந்து மறைந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். விரிசல் நம் கண்ணுக்குத் தெரிவதே உள்ளே இருக்கும் காற்றால்தான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, ரெசினுடையதும் கிட்டத்தட்ட அதுவே. காற்று வெளியேறினால் வெளிச்சம் எங்கும் தடுக்காமல் போய்விடும். நடுவில் எங்காவது அந்த மினுக்கம் மறையாமல் நின்றுவிட்டால் அங்கே இன்னொரு சொட்டு.

கோடு முழுக்க மறைந்ததும் ரெசினோடு கிட்டில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே ஒட்டி, முற்றத்து வெயிலில் கால் மணி நேரம் வையுங்கள். பசை விட்ட பக்கம் மேலே இருக்கட்டும், கலர் கண்ணாடி கதிரைக் கொஞ்சம் விழுங்கிவிடும். தாளை உரித்து, மிச்சத்தைப் புது பிளேடால் வழித்துவிடுங்கள்.

இரண்டு துண்டாகவே போயிருந்தால் ரெசின் போதாது. இரண்டு டியூபில் வரும் எபாக்சியைச் சம அளவு கலந்து, பல்குச்சியால் ஓரத்தில் மெல்லிசாகத் தடவிச் சேர்த்து, குறுக்கே டேப் போட்டு 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் பாலித்தீன் விரிக்க மறந்தால் பலகையும் சேர்ந்து வரும்.

திரும்ப மாட்டுவது

ஒட்டிய கண்ணாடி பார்க்க நன்றாக இருக்குமே தவிரப் பழைய பலம் வராது. குழந்தை கை வைக்கும் உயரத்தில் மாட்டாதீர்கள். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓரங்களில் 2 எம்.எம். இடம் விடுங்கள், ஐப்பசியில் மரம் ஊத இடம் வேண்டும். பீடிங் ஆணியைக் கண்ணாடியின் பக்கம் சாய்க்காமல் அடியுங்கள்.

சிதறிய துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதிக் குப்பை எடுக்க வரும் அக்காவிடம் கையில் கொடுங்கள்.

எங்கள் பச்சைக் கண்ணாடியில் இப்போது சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் மூலையில் ஒரு முடி கிடப்பது போலத் தெரியும். அம்மா இன்னும் அதை ஒட்டடை என்று நினைத்துத் துடைப்பத்தால் தட்டப் பார்க்கிறார்.