கறுத்த வெள்ளிச் சாமானைத் தேய்த்துக் கரைக்காமல் துலக்குவது எப்படி?

வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு துலக்க உட்கார்ந்தால், பல வீடுகளில் கை முதலில் போவது பற்பசைக்கோ திருநீற்றுக்கோதான். நாலு தேய்ப்பில் துணி கன்னங்கரேல் என்று ஆகிவிடும், விளக்கு மினுங்கும். துணியில் ஒட்டிய கறுப்பை அழுக்கு என்று நினைத்து அலசி விட்டுவிடுகிறோம்.

அது அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து உண்டாகிற வெள்ளி சல்ஃபைடு. அந்தக் கறுப்பை 100 கிராம் திரட்டினால், அதில் 87 கிராம் வெள்ளி இருக்கும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் போவது உங்கள் வெள்ளிதான். வாரம் ஒரு தேய்ப்பு என்றால் வருடத்துக்கு 52. பாட்டி கொடுத்த குங்குமச்சிமிழில் மயிலின் கழுத்தும் கொடியின் இலையும் மழுங்கிப் போவது இப்படித்தான்.

அதனால் வாரா வாரம் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். கறுத்துவிட்டால் கீழே சொல்லும் ஆப்ப சோடா முறை. பாலிஷ் போட்டுத் தேய்ப்பது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, நவராத்திரிக்கோ பொங்கலுக்கோ முன்பு செய்தால் போதும்.

கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

பாத்திரத்தின் அடியிலோ விளிம்பிலோ 925, 900, 800 என்று எண் பொறித்திருக்கும். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. எண் இல்லாத பழைய சாமானும் நல்ல வெள்ளியாக இருக்கலாம். ஓரங்களில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ உள்ளிருக்கும் உலோகம் எட்டிப் பார்த்தால் அது முலாம் பூசியது. அதைச் சோப்பில் கழுவித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளிகூடக் கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. கீழே சொல்லும் சோடா முறை அதற்குப் பொருந்தாது.

வெள்ளியே ஆனாலும் இவற்றைச் சுடுதண்ணீரில் போடக் கூடாது:

- தஞ்சாவூர்க் கலைத்தட்டு. புடைப்பு உருவங்களின் பின்னால் மெழுகு அடைத்திருப்பார்கள், சூட்டில் இளகிவிடும்.
- உள்ளே அரக்கு அடைத்த விக்கிரகம், கைப்பிடி. மரத்தின்மேல் வெள்ளித்தகடு போர்த்திய மணை.
- கல், முத்து பதித்தவை.
- கண், புருவம், உதடு வர்ணம் தீட்டிய அம்மன் முகம்.
- பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய ஆக்ஸிடைஸ்டு நகை. அந்தக் கறுப்பும் சேர்ந்து போய்விடும், பிறகு வேலைப்பாடே எடுபடாது.

இவற்றுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி, பிறகு உலர்ந்த துணி, அவ்வளவுதான்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது

காமாட்சி விளக்கையே எடுத்துக்கொள்வோம். அதற்குச் சரியாக வந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

1. மிச்ச எண்ணெயைக் கொட்டி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். குத்துவிளக்கு என்றால் மரைகளைக் கழற்றித் தனித்தனியாக வையுங்கள்.

2. திரி வைக்கும் மூக்கில் பச்சை நிறத்தில் ஒரு பிசின் படிந்திருக்கும். வெள்ளியில் கலந்த செம்பை எண்ணெயிலுள்ள அமிலம் அரிப்பதால் வருவது. மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். கத்தி, ஊசி, கம்பி நார் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

3. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு 15 நிமிடம் ஊறவிட்டு, குழந்தைகள் பல் துலக்கும் மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பூந்திக்கொட்டையும் நன்றாக வேலை செய்யும்: விதை நீக்கிய 10 கொட்டையை அரை லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப்போட்டு, காலையில் கசக்கி வடிகட்டிக்கொள்ளுங்கள். பூந்திக்கொட்டை பிசுக்கை எடுக்கும், கறுப்பை எடுக்காது.

4. பல மாதம் துலக்காமல் எண்ணெய் பசையாகக் காய்ந்திருந்தால், ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் ஒரு டீஸ்பூன் சலவை சோடா போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

5. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவி ஓடினால் பிசுக்கு போய்விட்டது. முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறவர்கள்தான் "சோடா முறை எங்களுக்குச் சரிப்படவில்லை" என்கிறார்கள்.

கறுப்பைத் திரும்ப வெள்ளியாக்குவது

தேவையானவை: அலுமினியம் ஃபாயில், ஆப்ப சோடா, கொதிக்கும் தண்ணீர், சாமான் முழுவதும் முழுகும் அளவுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம். ஃபாயில் இல்லாவிட்டால், இனிமேல் சமையலுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய அலுமினியப் பாத்திரம் இருந்தால் அதிலேயே செய்யலாம்.

1. பாத்திரத்தின் அடியிலும் பக்கங்களிலும் ஃபாயிலை விரியுங்கள்.

2. விளக்கை அதன்மேல் படுக்க வையுங்கள். வெள்ளி ஃபாயிலைத் தொட்டுக்கொண்டிருப்பது அவசியம். தொடாவிட்டால் ஒன்றுமே நடக்காது.

3. லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் குவியலாக ஆப்ப சோடாவைத் தூவி, கொதிக்கும் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், அதனால் பாத்திரத்தில் மூன்று விரல் இடம் விட்டு வையுங்கள்.

4. இரண்டு நிமிடத்தில் அழுகிய முட்டை வாடை வரும். கந்தகம் வெள்ளியை விட்டுக் கிளம்புவதன் அடையாளம் அது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

5. ஐந்து நிமிடம் கழித்து மரக்கரண்டியால் புரட்டிப் போடுங்கள். பிறகு எடுத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இதில் நடப்பது சின்ன மின்வேதி வினை. அலுமினியம் தன் எலக்ட்ரானைக் கொடுக்க, கந்தகம் பிரிந்துபோய், கறுப்பிலிருந்த வெள்ளி அங்கேயே தங்கிவிடுகிறது. ஃபாயிலை எடுத்துப் பார்த்தால் வெள்ளி தொட்ட இடமெல்லாம் மங்கிப் பழுப்பேறியிருக்கும்.

பாதி வெளுத்து பாதி கறுப்பாக நின்றால், தண்ணீர் ஆறியிருக்கும் அல்லது ஃபாயில் களைத்திருக்கும். புது ஃபாயில், புதுச் சோடா, மறுபடி கொதிதண்ணீர். தடித்த கறுப்புக்கு இரண்டு மூன்று முறை ஆகலாம்; ஒரே தடவையில் ஒரு மணி நேரம் போட்டு வைப்பதால் பயனில்லை. வெளியே எடுக்கும்போது சாமான் பளபளப்பாக இருக்காது, பால் வெள்ளையாக மங்கித் தெரியும். பயப்பட வேண்டாம். கெட்டுப்போகவில்லை, அடுத்து லேசாகத் துடைத்தால் ஒளி வந்துவிடும்.

மெருகு ஏற்றுவது

கடையில் கிடைக்கும் வெள்ளி பாலிஷ் கிரீம் போதும். அது இல்லாவிட்டால் மிக நைசான சாக் பவுடரைத் தயிர்ப் பதத்தில் தண்ணீரில் குழைத்துக்கொள்ளுங்கள். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பழைய பருத்தி வேட்டித் துணியில் தொட்டு, நீளவாக்கில் நேராகத் தேய்க்க வேண்டும். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் வெளிச்சத்தில் சிலந்தி வலை மாதிரி கீறல் தெரியும். துணி கறுத்ததும் சுத்தமான பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதே கறுப்புப் பக்கத்தாலே தேய்த்தால் அதிலுள்ள துகளே அரத்துக்குச் சமம்.

கிரீம் வேலைப்பாட்டுக்குள் காய்ந்து வெள்ளையாக நின்றுவிடாமல், உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர். இல்லாவிட்டால் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளி விழும்.

வழக்கமாகக் கை போகும் பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பற்பசையில் அரைக்கும் துகள்கள் உண்டு. வெள்ளி மிருதுவான உலோகம், அதன்மேல் நுண்ணிய கீறல் விழும். கீறல் விழுந்த பரப்பு அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கறுக்கும். திருநீறு நைசாக இருந்தால் ஓரளவு பரவாயில்லை, ஆனால் சாம்பலில் மணல் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. பழைய கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பாருங்கள்: கண்ணாடியே கீறினால் வெள்ளி நிச்சயம் கீறும். புளி பித்தளைக்கும் செம்புக்கும் அருமையான பொருள், வெள்ளிக் கறுப்பை அது கரைக்காது. எலுமிச்சையும் உப்பும் வேண்டவே வேண்டாம். ஈர உப்பு வெள்ளியை அரித்துக் குழி போடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். முக்கியெடுத்த உடனே வெளுக்கும் திரவங்கள் அமிலம் கலந்தவை. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்குக்கும் பாலாடைக்கும் சாப்பிடும் தட்டுக்கும் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

கடையில் பாலிஷுக்குக் கொடுப்பதானால் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

மறுபடி கறுக்காமல் இருக்க

சமையலறை அலமாரியிலேயே பூஜை வைத்திருக்கும் வீடுகளில் வெள்ளி வேகமாகக் கறுக்கும். வெங்காயம், பூண்டு, அவித்த முட்டை மூன்றிலிருந்தும் கந்தக வாயு வருகிறது. அலமாரிக்குக் கதவு போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கூவம், பக்கிங்காம் கால்வாய் மாதிரி சாக்கடை கலந்த தண்ணீர் ஓரம் குடியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த நாற்றத்தில் இருப்பதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான்.

கறுப்பு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு நீலம் ஓடிய கறுப்பு. மஞ்சள் தெரியும்போதே சோப்பில் கழுவி உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அனேகமாக அதிலேயே போய்விடும். தினம் புழங்கித் தினம் கழுவும் வெள்ளி டம்ளர் அவ்வளவு கறுப்பதில்லை. பெட்டிக்குள் பூட்டி வைத்ததுதான் கறுக்கும்.

வரலட்சுமி நோன்புக்கு மட்டும் வெளியே வரும் அம்மன் முகத்தை எப்படி எடுத்து வைப்பது என்று பார்ப்போம். மற்றதையும் இதே மாதிரிதான். மஞ்சள், குங்குமம், சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்து, காதோரப் பள்ளங்களில் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு எடுங்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் உலரட்டும். முகத்தின் பின்பக்கக் குழிவில் ஈரம் தங்கும், விரல் வைத்துப் பாருங்கள். பிறகு வெறுங்கையால் தொடாமல், கஞ்சி போடாத மல் துணியில் சுற்றி, ஜிப் வைத்த பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும், கடைகளில் கிடைக்கும் கறுப்பைத் தடுக்கும் தாள் ஒரு துண்டும் வையுங்கள். அந்தத் தாளை வருடா வருடம் மாற்ற வேண்டும். கற்பூரம் கந்தகத்தை உறிஞ்சாது, அதை நம்பி இருக்காதீர்கள்.

பையை ரப்பர் பேண்டால் கட்டவே கட்டாதீர்கள். ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகத்தால்தான். துணி சுற்றியிருந்தாலும், அடுத்த ஆடி ஆவணியில் பிரிக்கும்போது பேண்ட் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். பருத்தி நூலால் கட்டுங்கள்.