பி.எட். கட்டணம் கட்டும் முன்: வேலையை விட்டு ஆசிரியராக வருபவர்கள் இடறும் இடங்கள்

பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிய பிறகு, ஆசிரியராக வேண்டும் என்ற பழைய ஆசை தலைதூக்கியது. ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பி.எட். விண்ணப்பத்தோடு ஒரு கல்லூரி அலுவலகத்தில் போய் நின்றேன். எழுத்தர் என் பட்டச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பி.காம். மட்டும்தானா சார்? எம்.காம். இல்லையா?"

இல்லை என்றேன். "முடித்துவிட்டு வாருங்கள்" என்று சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற பெண்ணை அழைத்தார்.

தமிழ்நாட்டில் வணிகவியல், பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் போன்ற பாடங்களுக்கு பி.எட். சேர முதுகலைப் பட்டம் வேண்டும். வணிகவியல் பதினொன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அந்த வகுப்புக்கு முதுகலை படித்தவர்தான் பாடம் நடத்த முடியும். இளங்கலையோடு நிற்பவரை பி.எட். படிக்க வைத்து என்ன பயன்? சேர்க்கை விளக்கக் குறிப்பேட்டிலேயே இது அச்சாகியிருக்கிறது. நான் புரட்டிப் பார்க்கவில்லை. புரட்டாத அந்தப் பக்கத்தின் விலை எனக்கு இரண்டு ஆண்டு.

வேறு வேலையிலிருந்து ஆசிரியப் பணிக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் இணையத்தில் 'மாற்று வழி' என்று தேடிப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் அப்படி வழிகள் உண்மையிலேயே உண்டு. நியூ ஜெர்சி மாநிலம் 1980களிலேயே தொடங்கிவைத்தது: பட்டமும் பாட அறிவும் இருந்தால் முதலில் வகுப்பறைக்குள் போகலாம், சம்பளம் வாங்கிக்கொண்டே பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெறலாம். அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படி ஏதாவது இருக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. இந்தியாவில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த தகுதிதான் சட்டம். நாற்பது வயதுப் பொறியாளருக்கும் இருபத்தொரு வயது மாணவிக்கும் ஒரே பி.எட்.தான். நம் கையில் இருப்பது எந்த வாசலில் போய் நிற்பது என்ற தேர்வு மட்டுமே. வாசல் தவறினால் கையில் இருக்கும் பட்டம் செல்லாக் காசு.

ஆகவே முதல் கேள்வி 'எந்த பி.எட். கல்லூரி' என்பதல்ல, எந்த வகுப்பு, யாருடைய பள்ளி என்பதே.

ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்க விரும்புகிறவருக்கு பி.எட். உதவாது. 2018இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பி.எட். படித்தவர்களுக்கும் தொடக்க வகுப்புகளைத் திறந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தனிக் கலை, அதற்கு டி.எல்.எட். என்னும் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் தகுதி என்பது தீர்ப்பின் சாரம். பட்டயத்தைவிடப் பட்டம் பெரிது என்று நினைத்து பி.எட். முடித்துவிட்டு, தொடக்கப் பள்ளி வேலைக்கு ஏங்குபவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர்: இளங்கலையும் பி.எட்.டும். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர்: முதுகலையும் பி.எட்.டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கும் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. கடைசி இரண்டுக்கும் ஐந்நூறு ரூபாய்தான் இடைவெளி. பணத்துக்காக மட்டும் முதுகலை வாசலைத் தேர்ந்தெடுப்பவர் இதைக் கவனிக்கட்டும்.

பட்டம் இருக்கிறது, பாடம் இருக்கிறதா?

மென்பொருள் துறையிலிருந்து வருபவர்கள் விழும் பள்ளம் இது. தெரிந்த பாடமாயிற்றே என்று கணினி அறிவியலில் பி.எட். சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கணினி அறிவியல் தனிப் பாடமாக இருப்பது மேல்நிலை வகுப்புகளில் மட்டும். 2019இல் கணினிப் பயிற்றுநர் தேர்வு நடந்தபோது மாநிலம் முழுவதற்கும் இருந்த இடங்கள் 814. கணினியில் பி.எட். முடித்துக் காத்திருப்பவர்களின் கூட்டமோ பல ஆயிரம். உங்களிடம் கணிதப் பட்டமும் இருந்தால், கணிதத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்வேன். கணித ஆசிரியர் இல்லாத பள்ளி கிடையாது.

பொறியியல் படித்தவர்களுக்கு 55 சதவீத மதிப்பெண் என்ற நிபந்தனையோடு குழுமத்தின் 2014 விதிமுறைகள் இடம் கொடுத்தன; தமிழ்நாடும் 2015இல் கதவைத் திறந்தது. ஆனால் கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு, ஆசிரியர் தேர்வு வாரியம் உங்கள் பட்டத்தை எந்தப் பாடத்துக்கு ஏற்கிறது என்பது வேறு. இயந்திரப் பொறியியல் படித்தவர் இயற்பியல் நன்றாகவே அறிந்தவராக இருக்கலாம். அறிவிக்கையில் கேட்பது இயற்பியல் பட்டத்தை.

'பயன்பாட்டு' என்றோ 'தொழில்' என்றோ முன்னொட்டு கொண்ட பட்டங்கள் இன்னும் சிக்கலானவை. அவை மூலப் பாடத்துக்கு இணையானவையா, இல்லையா என்று உயர்கல்வித் துறை அவ்வப்போது அரசாணை வெளியிடுகிறது. உங்கள் பட்டத்தின் பெயரை, சான்றிதழில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அந்தப் பட்டியல்களில் தேடிப் பாருங்கள். இளங்கலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்று மாறியவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்கு இரண்டும் ஒரே பாடமாகவோ இணையான பாடமாகவோ இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு 2009ஆம் ஆண்டின் அரசாணை 107 குறுக்கே நிற்கிறது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை கலையக் கூடாது.

வார இறுதி பி.எட்.

"வேலையை விடவே வேண்டாம் சார், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்." இப்படிச் சொல்லும் தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பக்கத்து மாநிலத்துக் கல்லூரியாக இருக்கும், கட்டணம் ஒரே தவணையாக இருக்கும், ரசீது மட்டும் இருக்காது. 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. ஆண்டுக்கு 200 வேலை நாள், வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை, அந்தப் பயிற்சியே பதினாறு வாரம். முழுநேர வேலையோடு இதைச் செய்ய முடியாது. செய்ததாகக் காட்டினால், அலுவலக அனுபவச் சான்றிதழும் கல்லூரி வருகைப் பதிவேடும் ஒரே தேதியில் நீங்கள் இரண்டு ஊர்களில் இருந்ததாகச் சாட்சி சொல்லும்.

அஞ்சல் வழி பி.எட். உண்மையிலேயே உண்டு. இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன. ஆனால் அது ஏற்கெனவே டி.எல்.எட். போன்ற ஆசிரியர் பயிற்சியை நேரில் முடித்தவர்களுக்கானது. வங்கியிலிருந்தோ மென்பொருள் நிறுவனத்திலிருந்தோ வருபவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

ஓராண்டு பி.எட். வரப்போகிறது என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை அதைப் பற்றிப் பேசுவது உண்மைதான்; நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ பெற்றவர்களுக்கு என்றுதான் பேசுகிறது. மூன்றாண்டு பி.எஸ்சி.யை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பது இலவு காத்த கிளியின் கதை.

டெட் எனக்குத் தேவையில்லை என்ற எண்ணம்

தனியார் பள்ளிதானே, டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் வழியே, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியருக்கு டெட் அடிப்படைத் தகுதியானது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் தேறியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்களே வழிகாட்டி நூலைத் தேடி ஓடும் காலத்தில், புதிதாக வருபவர் டெட் இல்லாமல் நுழைய நினைப்பது வீண்.

தேர்வை எளிதாக எடைபோடுவது அடுத்த தவறு. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் டெட் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். அப்போது கொடுத்த நேரம் ஒன்றரை மணி. பிறகுதான் மூன்று மணி நேரமாக்கினார்கள். ஆறு முதல் எட்டு வரை கற்பிப்பவர்களுக்கான இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள்: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதம் அறிவியல் சேர்த்து 60. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 90. கணிதப் புலி ஒருவர் அந்த அறுபதையும் முழுசாக வாங்கினாலும் தேற முடியாது. பத்தாம் வகுப்போடு தமிழ்ப் புத்தகத்தை மூடியவர்கள் அதை மறுபடி திறக்கத்தான் வேண்டும். முதுகலை ஆசிரியர் தேர்விலும் இதே கதை. அங்கே டெட் கேட்பதில்லை. ஆனால் 50 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தாள் உண்டு, அதில் 20 எடுத்தால்தான் முதன்மைத் தாளுக்கு மதிப்பு.

மத்திய அரசின் சி-டெட், கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்கானது. மாநில அரசுப் பள்ளிக்கு மாநில டெட். இரண்டையும் எழுதி வைப்பதில் நஷ்டமில்லை, சான்றிதழ் இப்போது ஆயுள் முழுவதும் செல்லும்.

வயதையும் வாசலையும் சேர்த்துப் பார்க்காதவர்களும் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023இல் ஆசிரியர் நியமன வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53 என்றும் மற்றவர்களுக்கு 58 என்றும் உயர்த்தினார்கள். கேந்திரிய வித்யாலயாவிலோ பட்டதாரி ஆசிரியருக்கு 35, முதுகலை ஆசிரியருக்கு 40. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. முப்பத்தெட்டு வயதில் வேலையை விடும் பொதுப் பிரிவு ஆண் ஒருவர், இரண்டாண்டு பி.எட். முடிக்கும்போது எந்தக் கதவு திறந்திருக்கும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு இப்போதே போய் வாங்கி வையுங்கள். தலைமை ஆசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்க நாளாகும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கும்போது அவ்வளவு நாள் இருக்காது.

பணக் கணக்கு தனி. பி.எட். முடித்த மறுமாதமே அரசு ஊதியம் வரும் என்று எண்ணி வீட்டுக் கடனைத் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். டெட் தேறிய பிறகும் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. அதற்கான அறிவிக்கை எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. இடைக்காலத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கிடைக்கும் தற்காலிகப் பணிக்குத் தொகுப்பூதியம்: 2023இல் உயர்த்திய பிறகும் பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000. இரண்டாண்டுப் படிப்பு, அதன்பின் குறைந்தது இரண்டாண்டுக் காத்திருப்பு என்று வைத்துக்கொண்டு குடும்பச் செலவை எழுதிப் பாருங்கள். கூட்டிப் பார்த்துவிட்டு வேலையிலேயே இருந்துவிடுபவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லித் தரப்போகிறேன்?

கடைசியாக ஒன்று. இதற்கு அரசாணை கிடையாது. அனுபவம் உள்ளவருக்கு வகுப்பெடுப்பது எளிது என்று நானும் நம்பியிருந்தேன். கற்பித்தல் பயிற்சியின் முதல் நாள், பதினொன்றாம் வகுப்பு, கணக்குப்பதிவியல். நாற்பது நிமிடத்துக்குத் தயாரித்த பாடக்குறிப்பு பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மீதி இருபத்தெட்டு நிமிடத்தை நிரப்ப, கரும்பலகையில் எழுதிய விதியையே மறுபடி வாசித்தேன்: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை.

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்கள் அம்மா வங்கியில் பணம் போட்டால் பாஸ்புக்கில் வரவு என்றுதான் அச்சடிக்கிறார்கள். பணம் உள்ளேதானே வருகிறது? நீங்கள் பற்று என்கிறீர்களே?"

பன்னிரண்டு ஆண்டுகளாக மாதம் தவறாமல் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரித்தவன் நான். விடை விரல் நுனியில் இருக்கிறது, வாயில் வரவில்லை. எனக்கு அது எப்போதோ கேள்வியாக இருந்து, எப்போதோ பழக்கமாகிப் போயிருந்தது. ஏதோ உளறினேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியை தன் குறிப்பேட்டில் நீளமாக எழுதினார். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே, தெரிந்த பள்ளி ஒன்றில் அனுமதி கேட்டு ஒரே ஒரு பாடவேளையாவது நின்று பார்த்திருந்தால், இந்த அவமானத்தை மலிவாக வாங்கியிருப்பேன்.

மறுநாள் இரண்டு நோட்டுப் புத்தகங்களோடு போனேன். ஒன்றின் அட்டையில் 'அம்மா' என்றும், மற்றதில் 'வங்கி' என்றும் எழுதி, அந்த மாணவியிடமே ஒரு நூறு ரூபாயைக் கொடுத்து வங்கியில் போடச் சொன்னேன். ஒரே நூறு ரூபாய், இரண்டு நோட்டிலும் தனித்தனியாகப் பதிவானது. பாஸ்புக் என்பது வங்கியின் நோட்டிலிருந்து எடுத்த நகல், அம்மாவின் நோட்டு அல்ல என்று காட்டினேன். தருபவர் கணக்கில் வரவு. அங்கே தருபவர் அம்மா.

அவள் இரண்டு நோட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியானால் எங்கள் அம்மாதான் வங்கிக்குக் கடன் கொடுத்திருக்கிறாரா, சார்?"

ஆமாம் என்றேன்.