ஊர்ல தனியா இருக்குற அப்பச்சி ஆத்தாவுக்கு தூரத்துல இருந்து வைத்தியம் பாக்குறது எப்படி

எங்க வீட்ல இப்ப இருக்குறது ரெண்டே பேருதான், அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 78 ஆகுது, ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 73, பிள்ளைங்க நாங்க மூணு பேரும் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர்னு ஆளுக்கொரு பக்கம். நம்ம செட்டிநாட்டுல கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை, எந்தத் தெருவுல நடந்தாலும் இதேதான், நூறு பேர் பந்தியில உக்காந்த வீட்ல ரெண்டு பேரு, சில வீட்ல ஒரே ஒரு ஆச்சி. அதனால போன் வழியா டாக்டர் பாக்குறது, வீட்லயே பிபி சுகர் பாக்குறது எல்லாம் நமக்கு வசதிக்காக இல்ல, வேற வழியே இல்லாம செய்றது. நாலு வருஷமா செஞ்சு, தப்பும் பண்ணி, இப்ப ஓரளவு ஒழுங்கா ஓடுது, அதான் எழுதுறேன்.

முதல்ல மெஷின் வாங்க ஓடாதீங்க. ஒரு ஆளைப் பிடிங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோ, பக்கத்து வீட்ல படிக்கிற பொண்ணோ, தெரு முக்குல மருந்துக்கடை வச்சிருக்குற தம்பியோ யாராச்சும் ஒருத்தர், ஸ்மார்ட்போன் தெரிஞ்சவரா, தினமும் வீட்டுக்குள்ள வந்து போறவரா இருக்கணும். அவங்களுக்கு மாசம் தனியா ஒரு தொகை கொடுத்துருங்க, உதவியா கேட்டா பத்து நாள்ல நின்னுரும். எங்க வீட்ல காலையில வர்ற அக்காதான் பிபி பாத்து நோட்டுல எழுதி, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுறாங்க. ஆப்ல நேரா ஏத்துற மெஷின் ஒண்ணு வாங்கிப் பாத்தோம், ப்ளூடூத் அறுந்து அறுந்து போய் கடைசியில நோட்டுதான் நின்னுச்சு. நோட்டை எந்த டாக்டரும் ஒரே பார்வையில படிச்சிருவாரு.

பிபி மெஷின்ல நாங்க பட்ட பாட்டைச் சொல்லிடுறேன். அப்பச்சிக்கு நல்ல தடிச்ச கை. மெஷின் கூட வந்த, கையில சுத்துற பட்டையை அப்படியே சுத்திப் பாத்தோம், தினமும் 160, 165னு காட்டுச்சு, பயந்துபோய் போன்ல ஒரு டாக்டர்கிட்ட சொன்னோம், அவரு மாத்திரையைக் கூட்டிட்டாரு, எந்தப் பட்டை, எப்படிப் பாத்தீங்கன்னு அவரும் கேக்கல, நாங்களும் சொல்லல. பத்து நாள் கழிச்சு காலையில எந்திரிச்சவரு கண்ணு இருட்டிட்டு வந்து வளவு (நடு முற்றம்) படியிலயே சாஞ்சு உக்காந்துட்டாரு, நல்ல வேளை கீழ விழல. நேர்ல கூட்டிட்டுப் போயி பெரிய பட்டை வச்சுப் பாத்தா 132. கை பெருசா இருந்து பட்டை சின்னதா இருந்தா பிபி கூடத்தான் காட்டும்னு அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். வழக்கமா கூட வர்ற பட்டை 22-ல இருந்து 32 சென்டிமீட்டர் கைக்குத்தான், டப்பா மேலயே போட்டிருக்கும். தையக்காரர் டேப்பை வச்சு தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல சுத்தி அளந்து பாருங்க, 32-க்கு மேல வந்தா பெரிய பட்டை தனியா வாங்கணும். மணிக்கட்டுல கட்டுற மெஷின் வேணாம், கை கொஞ்சம் மேல கீழ போனாலே நம்பர் மாறிரும்.

பாக்குற முறையும் இருக்கு. காபி குடிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும், ஒண்ணுக்குப் போயிட்டு வந்துரணும், முதுகு சாயிற மாதிரி நாற்காலியில அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும், பாதம் ரெண்டும் தரையில இருக்கணும், கால் மேல கால் கூடாது, கையை மேஜை மேல நெஞ்சு உயரத்துக்கு வைக்கணும், சட்டை மேல சுத்தக்கூடாது. திண்ணையில காலைத் தொங்கப் போட்டுட்டு பேசிக்கிட்டே பாத்தா அது கணக்குல சேராது. ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவ, காலையில மாத்திரை போடுறதுக்கு முன்னாடி, அப்புறம் சாயங்காலம், இப்படி ஏழு நாள். முதல் நாள் நம்பரை விட்டுட்டு மீதியை சராசரி போட்டு டாக்டருக்கு அனுப்புங்க. வீட்ல பாக்குறப்போ சராசரி 135/85-க்கு மேல இருந்தா அதிகம்னு எடுத்துக்குறாங்க, ஆஸ்பத்திரியில பாக்குற 140/90 கணக்கு வேற. வயசானவங்களுக்கு இன்னொண்ணு, உக்காந்து பாத்துட்டு எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷத்துலயும் மூணு நிமிஷத்துலயும் திரும்பப் பாருங்க, மேல் நம்பர் 20-க்கு மேல இறங்குனா மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. தலை சுத்தி விழுந்து இடுப்பு எலும்பு முறியிறதுக்கு இது பெரிய காரணம், நம்ம வீடுகள்ல எத்தனை படி, எத்தனை நிலைப்படி!

சுகர் மெஷினுக்கு வருவோம். காரைக்குடியில சிக்ரி இருக்குற ஊர்க்காரங்க நாம, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல அடிக்கல் நாட்டி 1953-ல திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பும் அதே மின்வேதியியல்தான். ரத்தத்துல இருக்குற சர்க்கரை ஸ்ட்ரிப்புல தடவியிருக்குற நொதியோட (என்சைம்) வினை பண்ணும், அப்ப வர்ற துளி கரண்டை மெஷின் அளக்கும், இதுக்கான முதல் யோசனையை லேலண்ட் கிளார்க்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1962-ல சொன்னாரு. இதை எதுக்குச் சொல்றேன்னா, அந்த நொதிக்கு ஈரமும் சூடும் ஆகாது. ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்படியில வைக்காதீங்க, சித்திரை வெயில்ல கார்ல விட்டுட்டுப் போகாதீங்க, ஒண்ணு எடுத்ததும் மூடியை அழுத்தி மூடுங்க, தேதி முடிஞ்சதைத் தூக்கிப் போட்டுருங்க. விரலை சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சுட்டுத்தான் குத்தணும். ஒரு தடவ விசேஷ வீட்டுக்குப் போய்ட்டு வந்து ஆத்தாவுக்கு 310 காட்டுச்சு, கந்தரப்பம்னு இனிப்பு தொட்ட கையி, கழுவிட்டுப் பாத்தா 190.

அப்புறம் லேப்புல 180, மெஷின்ல 200னு வந்தா மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, 100-க்கு மேல 15 சதவீதம் வரைக்கும் கூடக்குறைய காட்டலாம்னு உலகத் தரத்துலயே இடம் இருக்கு. கையில ஒட்டி 14 நாள் வச்சுக்குற சென்சார் இப்ப நிறைய பேரு போடுறாங்க, இன்சுலின் போடுறவங்களுக்கு, ராத்திரியில சுகர் இறங்கிருமோன்னு பயம் இருக்குறவங்களுக்கு அது உண்மையிலயே பெரிய உதவி, சிங்கப்பூர்ல இருந்தே தம்பி பாத்துக்குறான். ஆனா அது ரத்தத்தை அளக்கல, தோலுக்கு அடியில இருக்குற நீரை அளக்குது, அதனால சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். உடம்பு நடுங்கி வேர்த்துக் கொட்டுதுன்னா சென்சார் என்ன சொன்னாலும் விரல்ல குத்திப் பாருங்க. இன்சுலினை மட்டும் கூரியர்ல வரவழைக்காதீங்க, நம்ம ஊர் வெயில்ல அது எத்தனை நேரம் வண்டியில கிடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும், உள்ளூர்ல ப்ரிட்ஜ் வச்சிருக்குற கடையில வாங்குங்க.

அடுத்தது காகிதம். எல்லா வீட்லயும் ஒரு மஞ்சப்பையில பத்து வருஷ ரிப்போர்ட் கசங்கிக் கிடக்கும். ஊருக்குப் போறப்போ ஒரு நாள் ஒதுக்கி எல்லாத்தையும் போன்ல ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கி, பேரை வருஷம் மாசம் தேதியில ஆரம்பிச்சு போட்டுருங்க, 2024-03-12 எக்கோ, இந்த மாதிரி, தானா வரிசையா நிக்கும். மாத்திரை அட்டை ஒவ்வொண்ணையும் பின்பக்கம் போட்டோ எடுங்க, கம்பெனி வச்ச பேருக்குக் கீழ சின்ன எழுத்துல மருந்தோட உண்மையான பேரு இருக்கும், அதையும் எழுதி வைங்க. இதைச் செஞ்சப்பதான் எங்களுக்கே ஒண்ணு புரிஞ்சுச்சு, மதுரையில ஒரு டாக்டர் எழுதுனதும் காரைக்குடியில ஒரு டாக்டர் எழுதுனதும் வேற வேற பேர்ல ஒரே மாத்திரை, ஆத்தா ரெண்டையும் சேத்து முழுங்கிட்டு இருந்துருக்காங்க. இந்த ஒரு வேலையை மட்டும் செஞ்சாலே போதும், மத்த டெக்னாலஜி எல்லாம் அப்புறம்.

ஆபா (ABHA) நம்பர்னு மத்திய அரசோட சுகாதாரக் கணக்கு எண் 14 இலக்கத்துல ஒண்ணு இருக்கு, ஆதாரை வச்சு எடுக்கலாம், இலவசம். அது இருந்தா பல ஆஸ்பத்திரியில ஓபி சீட்டுக்கு வரிசையில நிக்காம க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி டோக்கன் வாங்கலாம், ரிப்போர்ட்டுகளையும் அதுல சேத்துக்கலாம், நீங்க சம்மதம் கொடுத்தாத்தான் டாக்டரால பாக்க முடியும். ஓடிபி வர்ற போன் ஊர்ல இருக்கா உங்ககிட்ட இருக்கான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கங்க, பாதிப்பேரு அங்கதான் மாட்டிக்குறாங்க. ஆபா எடுத்துத் தர்றேன், இன்சூரன்ஸ் கார்டு தர்றேன்னு யாராச்சும் போன் போட்டு ஓடிபி கேட்டா உடனே வச்சிரணும்னு அப்பச்சிக்கு பத்து தடவ சொல்லி வைங்க, பணம் போயிருச்சுன்னா தாமதிக்காம சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு கூப்பிடணும்.

இப்ப வீடியோ கால். 2020 மார்ச் 25-ல மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு விதிமுறை கொண்டுவந்துச்சு, அதனால வீடியோவுல பாத்து எழுதித் தர்ற சீட்டு செல்லும், ஆனா சீட்டுல டாக்டரோட பதிவு எண் இருக்கணும், இல்லாட்டி கேட்டு வாங்குங்க. போதைப்பொருள் சட்டத்துல வர்ற பல மருந்துகளை இப்படி எழுதித் தரக்கூடாது, அதுக்குப் போய் டாக்டர்கிட்ட சண்டை போடாதீங்க. அரசோட இ-சஞ்சீவனி தொலைமருத்துவ சேவை 2020 ஏப்ரல்ல இருந்து வீட்ல இருந்தே பாக்குற மாதிரி இருக்கு, செல் நம்பர், ஓடிபி, டோக்கன், வரிசை வந்ததும் டாக்டர் வருவாரு, காசு கிடையாது. ஆனா என் அபிப்பிராயம், உங்க அப்பச்சியை ஏற்கனவே நேர்ல தொட்டுப் பாத்த டாக்டர் வீடியோவுல வர்றதுக்குச் சம்மதிச்சா அவரையே பிடிச்சுக்கங்க, புது முகத்தைவிட அது பல மடங்கு மேல்.

நம்ம வீட்டுச் சுவத்தோட கனத்துக்கு இரண்டாங்கட்டுல (வீட்டோட உள்பகுதியில) சிக்னல் வராது. முகப்புல வெளிச்சம் முகத்துல விழுற மாதிரி உக்கார வைங்க, வாசலுக்கு முதுகைக் காட்டி உக்காந்தா டாக்டருக்கு இருட்டு உருவம்தான் தெரியும். மூணு கேள்வியை முன்னாடியே நோட்டுல எழுதி வைங்க, மாத்திரை அட்டைகளைத் தட்டுல போட்டு பக்கத்துல வைங்க. கால் வீக்கமா இருந்தா பெருவிரலால அழுத்தி எடுத்து குழி விழுறதைக் காட்டுங்க. நீங்களும் அதே கால்ல சேந்துக்கங்க ஆனா அவங்களைப் பேச விடுங்க, நம்ம பெரியவங்க டாக்டர் முன்னாடி நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க, அதை மட்டும் திருத்துங்க. மாத்திரை தொடர்றது, ரிப்போர்ட் காட்டுறது, சுகர் அளவு மாத்துறது, இதுக்கெல்லாம் வீடியோ போதும், மதுரைக்கு 90 கிலோமீட்டர் கார்ல குலுங்கிட்டுப் போய் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வர வேணாம்.

தமிழக அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்ல இருந்து நடக்குது, பிபி சுகர் இருக்குறவங்க வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரை கொடுப்பாங்க. பெரிய வீட்டுக்காரங்க நமக்கு எதுக்குன்னு பேர் கொடுக்காம இருக்காங்க, தயங்காம ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, மாசம் ஒரு தடவ பழகுன ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குள்ள வந்து முகத்தைப் பாக்குறதே பெரிய விஷயம்.

வீடியோ கால் போடவே கூடாத நேரம் எதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். நெஞ்சு அழுத்தம், வேர்வை, மூச்சு வாங்குறது, வாய் ஒரு பக்கம் கோணுறது, ஒரு கை தூக்க முடியாம போறது, பேச்சு குழறுறது, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தலையில அடிபடுறது, எது வந்தாலும் நேரா 108. முதல்ல சிங்கப்பூருக்குப் போன், அப்புறம் சென்னைக்குப் போன், அப்புறம் குடும்ப குரூப்புல பேசி முடிவு பண்றது, இந்தப் பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுருங்க. பக்கவாதத்துக்கு கட்டியைக் கரைக்குற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுக்கணும், அதனால சிடி இருக்குற ஆஸ்பத்திரி உங்க ஊர்ல இருந்து எது கிட்டன்னு இப்பவே விசாரிச்சு எழுதி வைங்க. மாரடைப்புக்கு தமிழக அரசோட இதயம் காப்போம் திட்டத்துல 2023-ல இருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புறாங்க.

108-க்கு வழி சொல்றதுல நம்ம வீடுகளுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. போன்ல லொகேஷன் எடுத்தா சில நேரம் பின்தெருவுல புள்ளி விழும், வண்டி அங்க வந்து நிக்கும், அந்தக் கதவு வருஷக்கணக்கா திறக்காம துருப்பிடிச்சுக் கிடக்கும். விலாசம் சொன்னா ஊர்க்காரங்களுக்குத் தெரியும், வண்டி ஓட்டிட்டு வர்ற தம்பிக்குத் தெரியாது. அதனால முகப்பு வாசல்ல நின்னு லொகேஷன் எடுத்து சேமிச்சு வைங்க, கதவு எண், தெருப் பேரு, பக்கத்துல இருக்குற கோயில் இல்ல ஊருணி, எந்தப் பக்கத்து வாசல், இதை எல்லாம் பெரிய எழுத்துல ஒரு தாள்ல எழுதி போனுக்குப் பக்கத்துலயும் அடுப்படியிலயும் ஒட்டுங்க, கீழயே மாத்திரைப் பேரு, ஒத்துக்காத மருந்து, டாக்டர் நம்பர். ஒரு நாள் அந்த அக்காவை விட்டு அதைப் படிச்சு வழி சொல்லச் சொல்லிப் பாருங்க, எங்க தடுமாறுறாங்கன்னு தெரியும்.

கடைசியா கதவு. ராத்திரி உள்தாழ்ப்பாள் போட்டுட்டா அந்தத் தேக்குக் கதவை வெளியில இருந்து எத்தனை பேர் சேந்தாலும் திறக்க முடியாது, உள்ள விழுந்து கிடக்குறவங்களால எந்திரிச்சு வரவும் முடியாது. நாங்க பக்கவாட்டுச் சந்துல இருக்குற சின்னக் கதவுக்கு ரெண்டு பக்கமும் திறக்குற பூட்டு போட்டு, ஒரு சாவியை எதுத்த வீட்டு ஆச்சிகிட்ட கொடுத்துருக்கோம், சாவி யார்கிட்ட இருக்குங்குறதும் அந்தத் தாள்ல எழுதியிருக்கு.