ஓவர்க்ளாக்கா, எஸ்எஸ்டியா?

2011-இல் வந்த இன்டெல் ஐ5 2500கே, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். இதுதான் என் கணினி, ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. அந்த பிராசசரில் மல்டிபிளையர் (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்) பூட்டப்படவில்லை என்பதால், ஓவர்க்ளாக் செய்து, அதாவது பிராசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடவிட்டு, செலவில்லாமல் வேலையை முடித்துவிடலாம் என்று பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) போய் அந்த எண்ணை 33-இலிருந்து 42 ஆக்கி, வோல்டேஜையும் கொஞ்சம் ஏற்றினேன். பத்து நிமிடம் முழுச் சுமை கொடுத்ததும் சூடு 90 டிகிரியைத் தாண்டி நீலத் திரை. திறந்து பார்த்தால் ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கெல்லாம் கம்பளி மாதிரி தூசி, இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தது. துடைத்துப் புதிதாகப் பூசியதும் சூடு 70-க்குள் அடங்கியது. சரி, பிரவுசர் வேகமாகத் திறந்ததா? இல்லை, அதே இழுவைதான்.

அப்புறம்தான் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன் (முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், அவசர புத்தி). சிபியு (பிராசசர்) 20 சதவீதத்தில் சும்மா இருக்கிறது, டிஸ்க் 100-இல் திணறுகிறது, ரேம் நிரம்பி வழிகிறது. ரேம் போதாதபோது விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அங்கே பிராசசரை விரட்டி என்ன பயன்? பயாஸைப் பழையபடி மாற்றிவிட்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்; சாட்டா என்பது அதை மதர்போர்டோடு இணைக்கும் முறை) கூடுதலாக 4 ஜிபி டிடிஆர்3 ரேமும் போட்டேன். என் போர்டில் வேகமான 6 ஜிகாபிட் சாட்டா போர்ட் இரண்டே இரண்டு, தெரியாமல் முதலில் எஸ்எஸ்டியை மெதுவானதில் சொருகியிருந்தேன். அதையும் மாற்றியபின், ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு நிமிடம் எடுத்த பூட் இருபது விநாடிக்குள் முடிகிறது.

வீடியோ ரெண்டரிங் செய்து சிபியு எப்போதும் 100-இல் நிற்கிறவர்கள் என்றால் கதை வேறு, அவர்கள் ஓவர்க்ளாக் செய்து பார்க்கலாம், நல்ல கூலரோடு.