பூஜ்யம் காட்டினால் முதலில் சந்தேகப்படுங்கள்: சென்சார் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்கு லெவல் சென்சார் பொருத்தினார்கள். வயரிங் சுத்தமாக இருந்தது. அளவும் சரியாகவே வந்தது. ப்ரோகிராமைத் திறந்து பார்த்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்.

"இந்த வரி எதுக்கு?" என்று கேட்டேன்.

"வயரைக் கழட்டினா மைனஸ் 25ன்னு காட்டுது சார். தொட்டியில மைனஸ் தண்ணி எப்படி இருக்கும்? அதான் பூஜ்யமாக்கிட்டோம்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே வரியை, இதே காரணத்தைச் சொல்லி எழுதியிருக்கிறேன். அதனால் என்ன ஆனது என்று அவர்களிடம் சொன்னேன். அதோடு, மற்றவர்கள் செய்யும்போது நான் அடிக்கடி பார்க்கிற வேறு சில தவறுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, கிரவுண்டைச் சேர்க்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அந்தத் தவறுகள் முதல் நாளே தெரிந்துவிடும். பல மாதங்கள் ஒளிந்திருந்துவிட்டுக் கெடுக்கிற தவறுகள்தான் எனக்குக் கவலை.

சென்சார் தன்னைப் பற்றித்தான் சொல்கிறது

வெப்ப சென்சார் அறையின் வெப்பத்தை அளப்பதில்லை. தன் உடம்பின் வெப்பத்தைத்தான் அளக்கிறது. அந்த இரண்டும் ஒன்றாக இருக்கும்படி செய்வது நம் வேலை. சின்னப் பெட்டிக்குள் வைஃபை சிப்பையும் அதன் பக்கத்திலேயே வெப்ப சென்சாரையும் வைத்து மூடிவிட்டு, "மூணு டிகிரி அதிகமா காட்டுது, சென்சார் மட்டம்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சென்சார் சரியாகவே காட்டுகிறது. அந்த இடம் உண்மையிலேயே மூன்று டிகிரி சூடாக இருக்கிறது. ப்ரோகிராமில் மூன்றைக் கழிப்பதும் தீர்வு ஆகாது. சிப் எவ்வளவு வேலை செய்கிறதோ அதைப் பொறுத்து அந்த மூன்று மாறிக்கொண்டே இருக்கும். சென்சாரை வயர் வைத்து வெளியே எடுங்கள், காற்று படும்படி விடுங்கள்.

குழாயின் வெளிப்பக்கத்தில் சென்சாரைக் கட்டி உள்ளே ஓடும் நீரின் வெப்பத்தை எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். மேலே இன்சுலேஷன் சுற்றாமல் விட்டால், பாதி நீரும் பாதி காற்றுமாக ஒரு எண் கிடைக்கும். அது எதன் வெப்பமும் இல்லை.

பூஜ்யத்தை உண்மை என்று நம்புவது

என் கதையைச் சொல்கிறேன். மேல்தொட்டியின் அடியில் அழுத்தத்தை அளக்கும் லெவல் டிரான்ஸ்மிட்டர். அளந்ததை 4 முதல் 20 மில்லிஆம்ப் வரையிலான கரண்டாக மாற்றி அனுப்பும். தண்ணீர் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் பம்ப் ஓட வேண்டும், 90 வந்தால் நிற்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். ஏழெட்டு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை.

ஒரு நாள் இரவு எலி கேபிளைக் கடித்துவிட்டது. கரண்ட் பூஜ்யம் ஆனது, ப்ரோகிராமும் பூஜ்யம் சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. தொட்டி காலி என்று நினைத்து பம்ப்பை ஓட விட்டது. மேல்தொட்டி நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீர் கீழே இருந்த பேனல் அறைக்குள் இறங்கி இரண்டு மோட்டார் டிரைவ்களை நனைத்தது. கொஞ்ச நேரத்தில் கீழ்த்தொட்டி வற்றிப் போனது. பம்ப் தண்ணீரில்லாமல் ஓடி முதலில் அதன் சீல் போனது, அப்புறம் மோட்டாரின் சுருள் கருகியது. காலையில் நான் போனபோது தரையெல்லாம் தண்ணீர். திரையில் மட்டும் பச்சை எழுத்தில் "லெவல் 0%" என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் வேலை நின்றது.

இத்தனை வருடம் ஆன பிறகும் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அன்று சென்சார் பொய் சொல்லவில்லை. 4 மில்லிஆம்ப் என்றால் 0 சதவீதம், 20 என்றால் 100 சதவீதம் என்று கணக்குப் போட்டால், கேபிள் அறுந்து 0 மில்லிஆம்ப் வரும்போது விடை சரியாக மைனஸ் 25. அந்த மைனஸ் 25 "நான் இங்கே இல்லை" என்று சென்சார் போடும் கூச்சல். இரவு முழுக்க அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் வாயைப் பொத்தி வைத்தது நான் எழுதிய வரி.

இந்த 4 மில்லிஆம்ப் சும்மா வந்ததில்லை. இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர் தன் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸை ஓட்டுவதற்கே அந்தக் கரண்ட் தேவை. அதைவிட முக்கியமான காரணம், தொட்டி காலியாக இருப்பதையும் கேபிள் அறுந்திருப்பதையும் வேறுபடுத்திக் காட்டுவது. தொழிற்சாலைக் கருவிகளுக்கான நாமுர் என்இ 43 பரிந்துரை இதை இன்னும் தெளிவாக வரையறுக்கிறது. 3.8 முதல் 20.5 மில்லிஆம்ப் வரை அளவு. 3.6க்குக் கீழேயோ 21க்கு மேலேயோ போனால் பழுது. அரைகுறையாகப் பழுதான டிரான்ஸ்மிட்டர்கூட, தனக்கே பழுது தெரிந்தால், கரண்டை வேண்டுமென்றே அந்த எல்லைக்கு வெளியே தள்ளிச் சொல்லிவிடும். இவ்வளவு யோசித்துச் செய்து வைத்திருக்கிற ஏற்பாட்டை, திரையில் பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக ஒரே வரியில் அழித்துவிடுகிறோம்.

பழுதை ஒரு அளவாக மாற்றாதீர்கள். "மதிப்பு" என்று ஒன்றும், "இந்த மதிப்பை நம்பலாமா" என்று இன்னொன்றுமாக இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நம்ப முடியாத நிலை வந்தால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தொட்டி நிரப்பும் பம்ப் என்றால் நிறுத்திவிட்டு அலாரம் அடிக்கலாம். சூடான இயந்திரத்தைக் குளிரவைக்கும் பம்ப் என்றால், சென்சார் போனாலும் அது ஓடிக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது.

வீட்டில் சின்ன போர்டு வைத்து விளையாடுபவர்களுக்கும் இது பொருந்தும். டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் பவர் வந்தவுடன் முதல் மதிப்பாக 85 டிகிரியை வைத்திருக்கும். 12 பிட் அளவுக்கு 750 மில்லிசெகண்ட் வரை காத்திருக்காமல் அவசரப்பட்டுப் படித்தால் அந்த 85தான் கையில் வரும். இடையில் பவர் ஒரு நொடி விழுந்து எழுந்தாலும் அதே 85. வயர் விட்டுப்போனால் வழக்கமான ஆர்டுயினோ லைப்ரரி மைனஸ் 127 தரும். இந்த எண்களை அப்படியே சராசரிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் "வெப்பம் திடீர் திடீர்னு குதிக்குது" என்று வந்து நிற்கிறார்கள். சராசரி போடுவதற்கு முன்னால் இவற்றை வெளியே எடுங்கள். எத்தனை முறை வந்தது என்று எண்ணியும் வையுங்கள். எண்ணிக்கை ஏறினால் எங்கோ இணைப்பு தளர்கிறது என்று அர்த்தம்.

இதே தவறின் இன்னொரு முகம், புது மதிப்பு வராவிட்டால் பழையதையே காட்டுவது. வரைபடத்தில் கோடு அழகாக நேராகப் போகும். உண்மையான சென்சார் பெரும்பாலும் ஒரு மணி நேரம் கடைசி இலக்கம்கூட அசையாமல் நிற்காது. நின்றால் அது செத்துவிட்டதோ என்று சந்தேகப்படுங்கள்.

0 முதல் 10 வோல்ட் தரும் சென்சார்களில் இந்த வசதியே இல்லை. அதில் பூஜ்யம் என்பது அளவாகவும் இருக்கலாம், அறுந்த வயராகவும் இருக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் 1 முதல் 5 வோல்ட், அல்லது வாகனங்களின் அழுத்த சென்சார்களில் வருகிற 0.5 முதல் 4.5 வோல்ட் வகையை எடுங்கள்.

தண்ணீர் வழிந்தால் பொருள்தான் நஷ்டம். கேஸ் டிடெக்டரில் இதே தவறு நடந்தால் உயிர் போகும். எரியும் வாயுக்களைக் கண்டுபிடிக்கும் கேட்டலிட்டிக் வகை டிடெக்டருக்குள் இரண்டு சின்ன மணிகள் இருக்கும். ஒன்றில் வினையூக்கி பூசியிருக்கும், மற்றதில் இருக்காது. வாயு வந்தால் முதல் மணியின் மேல் எரியும். மணி சூடாகி, உள்ளே இருக்கும் பிளாட்டினக் கம்பியின் மின்தடை ஏறும். இரண்டு மணிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் நமக்கு வரும் அளவு. சிலிக்கோன் ஆவி பட்டால் அந்த வினையூக்கி செயலிழந்துவிடும். அப்புறம் இரண்டு மணிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், வித்தியாசம் பூஜ்யம். சுத்தமான காற்றிலும் பூஜ்யம்தான். திரையைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. கம்பி அறுந்தால் டிடெக்டர் பழுது காட்டும், வினையூக்கி செத்தால் எதுவும் காட்டாது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், டிடெக்டருக்குப் பக்கத்துக் கேபிள் துளையை யாரோ சிலிக்கோன் சீலன்ட் வைத்து அடைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. பல வாரம் கழித்து, சோதனை வாயுவைக் காட்டியபோது எண் அசையவே இல்லை. அத்தனை நாளும் அந்த அறைக்குள் ஆட்கள் "0" என்ற எண்ணைப் பார்த்து நம்பிக்கையோடு போய் வந்திருக்கிறார்கள். அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்துப் பார்க்கும் சோதனையை பம்ப் டெஸ்ட் (bump test, தண்ணீர் பம்ப் இல்லை) என்று சொல்வோம். அது ஒன்றுதான் டிடெக்டர் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும். பட்டனை அழுத்தி பஸ்ஸர் சத்தம் கேட்பதால், பஸ்ஸர் நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். இன்னொன்று: எரிவதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாத தொட்டிக்குள் இந்த வகை டிடெக்டரை இறக்கினால், அங்கே முழுக்க வாயுவாக இருந்தாலும் சரியாகக் காட்டாது.

தெர்மோகப்பிளுக்குச் சாதாரணச் செம்பு வயர்

தெர்மோகப்பிள் என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்துச் செய்த வெப்ப சென்சார். அதில் கே வகை ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். அது அளப்பது இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வெப்ப வித்தியாசத்தை. வயர் நீளம் போதவில்லை என்று நடுவில் செம்பு வயரைச் சேர்த்தால், சேர்த்த இடமே குளிர் முனை ஆகிவிடும். பேனலில் உள்ள கருவியோ குளிர் முனை தன்னிடமே இருப்பதாக நினைத்துக் கணக்குப் போடும். அந்த இடம் 60 டிகிரியாகவும் பேனல் 30 டிகிரியாகவும் இருந்தால், அளவு 30 டிகிரி குறையும். தெர்மோகப்பிளை நீட்டுவதற்கென்றே வருகிற காம்பென்சேட்டிங் கேபிளைச் சரியாக வாங்கி, இரண்டு முனையிலும் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் தவறு ஏறக்குறைய இரட்டிப்பாகும். குறைவாகக் காட்டுகிற தெர்மோகப்பிள் ஹீட்டரை மேலும் மேலும் எரிய விடும் என்பதை மறக்க வேண்டாம். கன்ட்ரோலரில் பர்ன்அவுட் என்று ஒரு செட்டிங் இருக்கும். தெர்மோகப்பிள் அறுந்தால் அளவு மேலே போகும்படி வையுங்கள், ஹீட்டர் தானாக நின்றுவிடும்.

பிடி100க்கு இரண்டு வயர்

பிடி100 என்பது மின்தடையை வைத்து வெப்பத்தைச் சொல்லும் பிளாட்டின சென்சார். அதனால் வயரின் தடையும் வெப்பமாகவே கணக்கில் சேரும். ஒரு ஓம் வயர் தடை என்றால் 2.6 டிகிரி பிழை. மூன்று வயர் போடுங்கள்.

அல்ட்ராசோனிக் சென்சாரில் வெப்பத்தை மறப்பது

இந்த சென்சார் ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355 மீட்டர். ப்ரோகிராமில் 343 என்று நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டு, வெயிலில் நிற்கும் தொட்டியின் மேலே சென்சாரை மாட்டினால், 2 மீட்டர் தூரத்தில் ஏழு சென்டிமீட்டர் பிழை வரும். பக்கத்தில் ஒரு வெப்ப சென்சார் வைத்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது.

பிஐஆர் சென்சாரை ஆள் நேராக வரும் திசையில் வைப்பது

பிஐஆர் என்பது உடம்பின் வெப்பக் கதிரை வைத்து ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார். உள்ளே இருக்கும் இரண்டு பட்டைகளுக்கு இடையே வெப்பம் மாறினால்தான் அது எழும்பும். ஆள் குறுக்கே நடந்தால் உடனே பிடிக்கும், நேராக அதை நோக்கி நடந்து வந்தால் தாமதமாகும். வாசலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள், மனித உடம்பின் வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது.

மண் ஈரப்பத சென்சாருக்கு எப்போதும் கரண்ட்

இரண்டு முள் வகை அரித்துப்போகும். படிக்கும்போது மட்டும் பவர் கொடுங்கள்.

இலக்கத்தைப் பார்த்துத் துல்லியம் என்று நினைப்பது

டிஎச்டி11 என்ற ஈரப்பத சென்சாரின் வெப்ப அளவில் இரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கும். அதிலிருந்து 27.43 என்று எழுதுவதில் பயனில்லை.

ஒரே புள்ளியில் சரிபார்ப்பது

அறை வெப்பத்தில் ஒத்துப்போகிறது என்பதால் 100 டிகிரியிலும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு புள்ளியாவது வேண்டும். ஐஸைப் பொடித்துத் தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் 0 டிகிரி கிடைக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த வெறும் ஐஸ் கட்டி பூஜ்யத்துக்கு வெகு கீழே இருக்கும், அதை நம்ப வேண்டாம். மேல் புள்ளிக்குக் கொதிக்கும் நீர். ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு பேரும் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது வயரைக் கழற்றினால் திரை சிவப்பாகி "சென்சார் பழுது" என்று வருகிறது, பம்ப் நிற்கிறது. கேபிளைக் கழற்றிப் பார்த்தாயிற்று, ஷார்ட் செய்து பார்த்தாயிற்று, டிரான்ஸ்மிட்டரின் பவரை மட்டும் அணைத்தும் பார்த்தாயிற்று. அதற்கு அப்புறம்தான் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.