பாட்டு முடிந்ததும் ரெக்கார்டரை நிறுத்தாதீர்கள்

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடக்கிலும் கொலராடோ மாநிலத்தின் தெற்கிலும் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பாடிவந்த பழைய பாட்டுகளில் பல இன்று வயதானவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவற்றைப் பதிவு செய்யப் போகிறவர்கள் எல்லாருமே ஆசையோடுதான் போகிறார்கள், ஆனாலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

பெரிய தவறு, பாட்டு முடிந்த உடனே நிறுத்திவிடுவது. பாடி முடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் பாட்டி "இதை எங்கப்பா கல்யாண வீடுகளில் பாடுவார்" என்று ஆரம்பிப்பார். எந்த்ரேகா என்ற திருமணப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், மணமக்களைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கும்போது பாடுவது அது, பாடுகிறவர் அந்தந்த வீட்டுக்கு ஏற்றபடி அடிகளைக் கட்டிச் சேர்ப்பார். அடுப்படியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் அதன் எலும்புக்கூடுதான் கிடைக்கும். யார் கல்யாணம், யார் பாடினார்கள், யார் அழுதார்கள் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு நடுவில் பேசாமல் இருங்கள்.

நியூ மெக்சிகோவின் அரோயோ ஓண்டோ என்ற ஊரில் பிறந்த பேராசிரியர் ஹுவான் ராயேல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டுப்பாடல் காப்பகம் கொடுத்த இசைத்தட்டுக் கருவியோடு 1940-இல் சொந்த வட்டாரத்துக்கே போய்ப் பதிவு செய்தார். தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். நமக்கு அந்தக் கட்டாயமே இல்லை.

அடுத்தது திருத்துவது. அங்குள்ள முதியவர்கள் 'பார்த்தேன்' என்பதற்கு இன்றைய 'வி'யை விட்டுப் பழைய 'வீடே'யைச் சொல்வார்கள், 'அப்படி' என்பதற்கு 'அசினா' என்பார்கள். அது பிழையே அல்ல, நூற்றாண்டுகள் பழைய ஸ்பானியம், அதைப் பள்ளிக்கூட மொழிக்கு மாற்றி எழுதினால் பாட்டின் வயதையே அழித்துவிடுகிறோம். மறந்துபோன அடியைப் புத்தகத்திலிருந்து எடுத்து நிரப்புவதும் வேண்டாம்.

அப்புறம் அனுமதி. அலபாதோ என்ற பக்திப் பாடல்களைத் தவக்காலத்திலும் துக்க வீடுகளிலும் பாடுவார்கள், அவற்றில் பல மொராதா எனப்படும் சிறு வழிபாட்டு இல்லங்களில் ஒரு சகோதரக் குழு தங்களுக்குள் பாதுகாத்துவருபவை. பதிவு செய்யலாம் என்று சம்மதித்தவர் இணையத்தில் போடவும் சம்மதித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதைத் தனியாகக் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கருவி விஷயம் எளிது. எம்பி3 வேண்டாம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக வையுங்கள். ஃபோனில் எடுப்பதென்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், ஃபிரிட்ஜ் இரையும் அறையில் உட்காராதீர்கள். பாடுகிறவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கோப்பின் பெயர் எப்போது வேண்டுமானாலும் மாறிப்போகும். இரைச்சலை நீக்குவதானால் நகலில் மட்டும் நீக்குங்கள், மூலத்தைத் தொடவே வேண்டாம்.

பிரதி ஒன்றைப் பாடியவருக்குக் கொடுக்காமல் இருப்பதும் தவறுதான். வீட்டில் சிடி பிளேயர்தான் இருக்கிறதென்றால் சிடியாகவே கொடுங்கள். கொடுக்கப் போகும்போது ரெக்கார்டரையும் எடுத்துப் போங்கள், தன் குரலைக் கேட்டதும் அன்று விட்டுப்போன அடி அவருக்கு நினைவு வந்துவிடலாம்.